மாமாவின் உருகுவேக்காரன்

உருகுவே எங்கே இருக்கிறது என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் பாதி வீடுகள் அர்ஜென்டினா, பாதி வீடுகள் பிரேசில். உலகக்கோப்பை வந்துவிட்டால் அடுத்தடுத்த மின்கம்பங்களில் கொடிகள் போட்டி போடும். இரண்டிலும் சேராமல், ஐரோப்பாவில் ஏதோ ஒரு சுமாரான அணிக்கு ஆடிக்கொண்டிருந்த உருகுவேக்காரன் ஒருவனைப் பிடித்துக்கொண்டவர் என் மாமா மட்டும்தான். அவனுடைய அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று பேப்பரில் வந்திருந்தது. மாமாவும் பெயின்ட் அடிப்பவர். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்து எங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்பா ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். மலையாளம் எல்லோரும் பேசுவார்கள். வாசிக்கத் தெரிந்தவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் ஒருத்திதான். ஹோட்டலில் எல்லோரும் படித்துக் கசக்கிய பேப்பரை அப்பா மறுநாள் கொண்டுவருவார். இரண்டாம் வகுப்பிலிருந்தே விளையாட்டுப் பக்கத்தை நான் எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொல்வேன். பத்தொன்பது வயதில் அவனை இத்தாலிக்காரர்கள் வாங்கியது, அங்கே ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்தது, போர்ச்சுகலுக்கு இரவல் போனது, பிறகு ஸ்பெயினில் இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றை மேலே ஏற்றிவிட்டது, எல்லாம் என் வாய் வழியாகத்தான் மாமாவுக்குப் போயிற்று. மாமா அவன் பெயரைச் சொல்லமாட்டார். நம்ம ஆளு என்பார்.

நகரத்துக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் சாரம் சரிந்து, மாமா மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். மெடிக்கல் காலேஜில் இரண்டு மாதம் கிடந்தார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது கழுத்துக்குக் கீழே வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். அம்மா இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். அப்படியும் முதுகில் புண் வந்தது. அந்த வாடை என் யூனிஃபார்மில் அடிக்கிறது என்று வகுப்பில் ஒருத்தி சொல்லி, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள். நான் அவளிடம் சண்டை போடவில்லை. எனக்கும் அந்த வாடை அடித்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பேப்பர் வாசிப்பதுதான் என் வேலை. அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். நான் பையை இறக்கும் முன்பே கேட்பார். ஆட்டத்தைக் களி என்று மலையாளத்தில்தான் சொல்வார்.

"இன்னைக்கு களி உண்டா மக்ளே?"

மழை விடும் சமயத்தில் ஒருநாள், பக்கத்தின் அடியில் நான்கு வரிச் செய்தி இருந்தது. நம்ம ஆளுக்கு முன்பு அடிபட்ட அதே முழங்காலில் இரண்டாம் முறை தசைநார் அறுந்துவிட்டது, இனி அவன் ஆடமுடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள், அணியும் விடுவித்துவிட்டது. நான் அதை அடுப்படியில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அதை அவன்கிட்ட வாசிக்காண்டாம். வேற என்னமாம் வாசி."

வேறு என்ன வாசிப்பது? பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டதாக வாசித்தேன். அவன் ஐந்தரை அடி ஆள். தலையாலா என்று மாமா ஒரு தரம் கேட்டுவிட்டு, மீதியையும் வாசிக்கச் சொன்னார்.

பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அடுத்த வாரம் அவன் இரண்டு கோல் போட்டான். அதற்கடுத்த மாதம் இங்கிலாந்தில் பெரிய அணி ஒன்று அவனைக் கேட்டு ஆள் அனுப்பியது. சனி, ஞாயிறு என்று பார்க்காமல் தினமும் ஆடினான். ஒரே நாளில் இரண்டு நாடுகளில் ஆடிய நாளும் உண்டு. கணக்குப் பாடத்தின்போதெல்லாம் சாயங்கால ஆட்டத்தை யோசித்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால், மாமாவுக்காக ஆரம்பித்தது கொஞ்ச நாளிலேயே எனக்காக ஆகிவிட்டது.

மாமாவோடு பெயின்ட் அடித்த கூட்டாளி ஒருவர் எப்போதாவது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் பேச்சு எங்கெங்கோ போய், "லேய், உனக்க ஆளுக்க காலும் போச்சாம்லா. இனி ஆடமாட்டானாம்" என்றார். அம்மா டீ கிளாஸோடு அப்படியே நின்றாள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டாளியிடம், "பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லையே. பிள்ளை தெனமும் வாசிக்குதுல்லா" என்றார்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். மாமா என்னைத்தான் நம்புகிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் அவனுக்கு மூன்று கோல்.

கார்த்திகை பிறந்து பழவங்காடியில் ஐயப்பசாமிகளின் கூட்டம் நெரிந்த நாட்களில் மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. புண் எலும்பு வரை போய்விட்டது என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மா ஊட்டும் கஞ்சியை மாமா வாயிலேயே வைத்திருந்து கடைவாய் வழியாக வெளியே விட்டார். அம்மா துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள். மாமா வாயை இறுக்கி மூடிக்கொள்வார். காய்ச்சலில் நாக்குக் கசக்கிறது போல என்று நினைத்து, நான் ஊறுகாய் தொட்டுக் கொடுக்கச் சொன்னேன். அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் செமி ஃபைனல். அதை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. அறுபதாவது நிமிடத்தில் பந்து நம்ம ஆளின் இடது காலுக்கு வந்தபோது மாமாவின் விரல் பாயில் அசைந்தது. நான் நிறுத்தினேன்.

"அவனை வெளியே கூப்பிட்டு இருத்திரு மக்ளே. ஓடினது மதி."

ஓடினது போதும் என்று சொன்ன அந்தக் குரல் மிகவும் இறங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. செமி ஃபைனலில், அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது, நல்ல ஆட்டக்காரனை யாராவது வெளியே கூப்பிடுவார்களா? கோச் சம்மதிக்கமாட்டார் என்று சொல்லிவிட்டேன். மாமா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு தரம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நான் விடவில்லை. தொண்ணூறு நிமிடமும் அவனை ஓடவைத்தேன். அதிலும் முடியாமல், கூடுதல் நேரம் என்று இன்னொரு அரை மணி நேரம் ஓடவைத்தேன். கடைசி நிமிடத்தில் கோல் போடவைத்தேன். பேப்பரை இறக்கிப் பார்த்தபோது மாமாவின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.

நான்காம் நாள் விடியும்போது மாமா போய்விட்டார். ஊரிலிருந்து வந்த பெரியம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாமா உன்னிடம் கடைசியாக என்ன பேசினான் என்று கேட்டு அழுதாள். ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார், நம்ம ஆளு ஜெயித்ததும் சந்தோஷத்தில் மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அன்று அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திருத்தவில்லை.