உப்புத் தேத்தண்ணியும் என் நீரியலும்

பள்ளிமுனையில் எனக்கும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒரே கிணறு.

"நீங்கள் படிச்ச நீரியல் எண்டா என்ன?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நிலத்துக்குக் கீழ தண்ணி எப்பிடி ஓடுது எண்டு பார்க்கிறதக்கா."

மறுநாள் எனக்கு லீவு. மோட்டரைப் போட்டு, வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் தோய்த்தேன். அளவுக்கு மேல் இறைத்ததில், கிணற்றின் அடியிலிருந்த உப்புத்தண்ணீர் மேலே ஏறிவிட்டது.

அக்கா தேத்தண்ணியோடு வந்தார். "குடியுங்கோ."

ஒரு மிடறு குடித்தேன். கடலேதான்.

"இது உங்கட நீரியல். எங்கட நீரியல் எண்டா, விடிய பத்து வாளி, பின்னேரம் பத்து வாளி."

சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

அக்கா சொல்லிச் சொல்லி, இப்போது எங்கள் ஒழுங்கை வீடுகளில் மீன்குழம்பு கரித்தாலும், "நீரியல் பிழையாப் போச்சு" என்கிறார்கள். நாலு வருடம் படித்தும் நான் பரப்பாத சொல்லை, ஒரு கோப்பைத் தேத்தண்ணி பரப்பிவிட்டது.

உங்கள் வீட்டில் இன்று நீரியல் எப்படி?