தறித் தட்டு எட்வின்

கோபத்தில் எழுதினால் எனக்கு வரிசை தப்பிவிடும். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. எட்வின் இறந்த செய்தி எனக்கு எப்படி வந்தது.
2. அவர் உண்மையில் என்ன வேலை செய்தார்.
3. அந்த வேலையிலிருந்து அவர் பெயரை எப்படி எடுத்தார்கள். இறந்த பிறகும் எப்படி எடுக்கிறார்கள்.
4. ஊர் இப்போது கொண்டாடும் மாதா கேசட்டில் எட்வின் இல்லவே இல்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தவறு இருந்தால் நீங்கள் திருத்தலாம்.

போன மாதம் மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்தேன். குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று கூட்டத்தில் ஊர்ந்து வந்தது. "பக்தி இசையமைப்பாளர், மாதா பாடல்கள் புகழ் எட்வின் அவர்கள் இயற்கை எய்தினார்" என்று அறிவித்தது. நான் பதறவில்லை. பக்தி இசையமைப்பாளர் எட்வின் என்று எனக்கு யாரையும் தெரியாது. யாரோ பாவம் என்று நினைத்தேன். "உறையூர் சைக்கிள் கடை மாடி இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம்" என்றபோதுதான் அது என் எட்வின் என்று புரிந்தது. என் நண்பர் செத்த செய்தியை வேறு யாரோ செத்த செய்தியாக என்னைக் கேட்கவைத்தார்கள். அந்த முதல் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இனி இரண்டாவது. எட்வின் ஆட்டத்துக்கு இசை செய்தவர். திருவிழா மேடைகளில் நடக்கும் ரெக்கார்டு டான்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றும் சொல்லியிருப்பீர்கள். சினிமா இசைத்தட்டைச் சுழலவிட்டு அதற்கு ஆடுவார்கள். மணப்பாறையைச் சேர்ந்த சரோஜா என்பவர் அப்படி ஒரு குழு நடத்தினார். இசைத்தட்டுப் போடும் வேலை எட்வினுடையது. பலகை மேடை அதிரும்போதெல்லாம் முள் தாவிவிடும். "ஏங்க எட்வின், நான் ஆடறதைவிட உங்க ரெக்கார்டுல்ல அதிகமா குதிக்குது!" என்று சரோஜா மேடையிலிருந்தே கத்துவாராம். அதற்காகத்தான் எட்வின் ஒலிநாடாவுக்கு மாறினார். மாறியதும் இன்னொன்று புரிந்தது என்று என்னிடம் சொன்னார்: "சினிமாப் பாட்டுல கால் சூடாகும்போது கதாநாயகிக்கு அழுகை வந்துடுது சார். இவங்களுக்கு அழ நேரம் ஏது? ஆட்டம் மட்டும் வேணும்." ஆட்டம் மட்டும் இருக்கும் இசை கடையில் கிடைக்கவில்லை. தானே செய்யத் தொடங்கினார். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை. அந்தச் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை.

எழுபதுகளின் நடுவில் அந்த அறைக்கு நான் முதலில் போனேன். நான் கணித விரிவுரையாளன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கல்லூரியின் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் குமிழ் அதில் சிக்கியிருந்தது. எட்வின் என் பெட்டியைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக மைக்கைக் கயிற்றில் கட்டி அடுத்த வீட்டுக் கூடத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே கைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா, தறியப் படம் புடிக்கிறியா?" என்று கீழே நெசவாளர் கேட்டார்.

"சத்தம் புடிக்கிறேண்ணே. நிறுத்தாம போடுங்க."

"சேலையில விழுந்துடாம புடி. கல்யாணச் சேலை."

பிடித்த சத்தத்தில் ஒரு முழ நாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாக்கினார். அது ரெக்கார்டருக்குள் போய் வெளியே வந்து மறுபடி போக வேண்டும். வெளியே தொங்கும் பகுதியைத் தாங்க ஆள் வேண்டும். என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். "ஆடாம புடிங்க சார். நீங்க ஆடினா மணப்பாறைல ஒரு அம்மா விழுந்துடும்." நான் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றேன். டக், தடக். டக், தடக். அதன்மேல் பாங்கோஸ், தகர டின், கிட்டார் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். அதுதான் தறித் தட்டு. பிறகு என் பெட்டியின் குமிழைச் சரிசெய்து, அதே வளையத்தைப் பாதி வேகத்தில் ஓட்டிச் சோதித்தார். தூரத்தில் யாரோ பெரிய மரக்கதவைத் தட்டுவதுபோல் கனமாக வந்தது. "இதுக்கு யாரும் ஆட மாட்டாங்க" என்று சிரித்து நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு நான் கேசட் அட்டை எழுதிக்கொடுப்பவன் ஆனேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்; அதற்குமேல் என் பங்கு ஒன்றுமில்லை. ஒவ்வோர் அட்டையிலும் "இசை: எட்வின், உறையூர்" என்று எழுதினேன். உறையூரை விட்டுவிட்டால் திருப்பி அனுப்புவார்.

அவர் அடக்கமானவர் அல்லர். பளபளக்கும் சட்டை, உரத்த பேச்சு. தன் இசையைத் தானே புகழ்வார். ஆனால் பிறர் புகழ்ச்சியை நம்பமாட்டார். புது நாடாவை டீக்கடையில் போடச் சொல்லிவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும் சார். காலுக்கு மரியாதை தெரியாது." எந்தக் காலும் அசையாவிட்டால் நாடாவை அழித்துவிடுவார். குழாய் ஸ்பீக்கருக்காகவே தகர டின்னையும் கைத்தட்டலையும் சேர்த்தார். "குழாய்க்கு வாய் மட்டுந்தான் சார், வயிறு கிடையாது. கீழ்ச் சத்தத்தை முழுங்கிடும்" என்பார். ஒரே தறித் தட்டை ஏழெட்டுக் குழுக்களுக்கு, வேறு வேறு பாட்டோடு கொடுத்தார். அதைச் சிலர் ஏமாற்று என்றார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்: "ஒரே மாவுல இட்லி, தோசை, ஊத்தப்பம். யாராச்சும் மாவைத் திட்டுறாங்களா?"

மூன்றாவது. எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். நானும் அறையில் இருந்தேன். தறித் தட்டு வேண்டும், ஆனால் அட்டையில் பெயர் வராது என்றார். "ரெக்கார்டு டான்ஸ் ஆளுன்னு தெரிஞ்சா குடும்பத்துல வாங்க மாட்டாங்க பாருங்க."

எட்வின் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அப்பன் பேர் இல்லாம பத்திரிகை அடிப்பீங்களா?"

அவர் போய்விட்டார். சில மாதங்களில் அதே தட்டு, யாரோ ஒருவர் பெயரில், மலைக்கோட்டைக் கடைகளில் அலறியது. நான் கொதித்தேன். வழக்குப் போடலாம் என்றேன். எட்வின் அங்கே ஒரு கடையின் வாசலில் நின்று உள்ளே இருந்தவர்களின் கால்களைப் பார்த்தார். "ஆடுது சார். திருடினவன் கெடுக்காம திருடியிருக்கான்" என்றார். பஸ் ஏறும்போது, "உறையூர்னாவது போட்டிருக்கலாம்" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தைக் கேளுங்கள். உள்ளூர் இசைக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். "வாழ்நாள் முழுவதும் இறைவனுக்காகவே இசையமைத்தவர்" என்றார் முதலில் பேசியவர். "அப்ப மணப்பாறைல ஆடுனது யாராம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார், சிரிப்பு எழுந்து அடங்கியது. அடுத்தடுத்துப் பேசியவர்களும் அந்த ஒரு மாதா கேசட்டையே பேசினார்கள். பதினைந்து ஆண்டு ஆட்ட இசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சரோஜா மாலையோடு வந்திருந்தார். "அந்தம்மாவைப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க, ஃபோட்டோவுல விழுறாங்க" என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. நான் எழுந்து என் நாற்காலியைக் காட்டினேன்.

"வேணாம் சார். நின்னே பழகிட்டேன்" என்றார் சரோஜா. மாலையைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்வின் இசைக்கு அவரைவிட அதிகம் உழைத்த கால்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. மேடையில் இருந்த யாருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருந்தார்கள்.

நான்காவது. இறுதி ஊர்வலம் முழுவதும் குழாயில் மாதா கேசட்டையே ஓடவிட்டார்கள். ஓர் உறவினர் கேட்டாரென்று செய்து கொடுத்தது அது; அதற்கு நான் அட்டை எழுதவில்லை. வயலின், ஆர்மோனியம், மெதுவான பாட்டு. எட்வினின் ஒரு தடயமும் அதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் மனைவி பிலோமினாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "ஒரு தடவையாவது அவரோட சொந்த இசையைப் போடச் சொல்லலாமேம்மா?"

"இருக்கட்டும் சார். இதுலயும் அவர் இருக்கார்" என்றார்.

துக்கத்தில் இருப்பவர் சொல்லும் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அவரும் ஊரோடு சேர்ந்துகொண்டார் என்றுகூட நினைத்தேன்.

இந்த நான்காவதை ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்பதற்காக, நேற்று அந்தக் கேசட்டை வாங்கி வந்து வீட்டில் போட்டேன். நல்ல ஸ்பீக்கர் உள்ள பெட்டி. எட்வின் இல்லை என்று பாட்டுவாரியாகக் குறிக்கக் காகிதமும் வைத்திருந்தேன். முதல் பாட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி போயிருக்கும், என் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. காதுக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிட்டது. பாட்டுக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ பெரிய மரக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வேகத்தில் ஓடும் உறையூர்த் தறி. அதன்மேல்தான் மாதா நின்றிருந்தாள். கடைசிப் பாட்டு வரை அது நிற்கவில்லை. ஊர்வலத்தில் அதைக் குழாய் விழுங்கிவிட்டது. அதனால் எனக்குக் கேட்கவில்லை. பிலோமினாவுக்குக் கேட்காமலேயே தெரிந்திருக்கிறது.

கேசட்டின் அட்டையில் இசையமைத்தவர் பெயர் இல்லை. நான் எழுதிச் சேர்த்தேன்: இசை: எட்வின், உறையூர். இந்தக் கேசட்டும், அன்று வளையத்தைத் தாங்கிய பென்சிலும் என்னிடம் இருக்கும்.

நான்காவது தவறு. பிலோமினா அம்மா மன்னிக்க வேண்டும். மற்ற மூன்றையும் நான் யாருக்காகவும் திருத்துவதாக இல்லை.