பச்சையாகத் தெரியும் ஊர்

மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. ஊர் மொத்தமும் சுவர் அகலத் திரையில் கோடுகளாக ஓடும்; மின்சாரம் ஒழுங்காகப் போனால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. ஓடும்வரை நம்மை யாருக்கும் தெரியாது, நின்றால் நம் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். இதேபோல் ஏதோ ஒரு திரைமுன் கண் பூத்து உட்கார்ந்திருக்கும் சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பார்வையிட வந்தவர்

தி. நகர் வட்டாரம் சிவந்துகிடந்த நேரம் பார்த்து மேலிடத்து அதிகாரி வருகிறார் என்றார்கள். எங்கள் மேலாளருக்கு வியர்த்துவிட்டது. பழுது பார்க்க ஆள் அனுப்புவார் என்று பார்த்தால், அந்த வட்டாரத்தையே திரையிலிருந்து தூக்கச் சொன்னார். அங்கே ரங்கநாதன் தெரு ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டிருக்க, அதிகாரி திரையை ரசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு ஒரு ஷிஃப்டுக்கு மூணு பேர்?"

ஒரு வீட்டு இருட்டு

மயிலாப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியராம், முதலில் அதைத்தான் சொன்னார். தெரு முழுக்க விளக்கெரிகிறது, அவர் வீட்டில் மட்டும் இல்லை. மீட்டர் பக்கத்தில் சுவிட்ச் விழுந்திருக்கிறதா பாருங்கள் என்றேன். தூக்கிவிட்டார், எரிந்தது. நன்றி சொல்வார் என்று காத்திருந்தேனே, என் புத்தியைச் சொல்லவேண்டும். "எங்காத்து சுவிட்ச் விழுந்தது உங்களுக்கு அங்கேர்ந்தே தெரிஞ்சிருக்கு. இத்தனை நாழி சும்மா பார்த்துண்டா இருந்தேள்?"

குப்பத்துக் கம்பி

மழை நாள், பள்ளிக்கூடம் விடும் நேரம். பெசன்ட் நகர் கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கூப்பிட்டார்: "நைனா, சந்துல கம்பி அறுந்து தண்ணில வுழுந்து கீது. இஸ்கூல் வுட்டா பசங்க இப்டித்தான் வரும். சட்டுனு நிறுத்து."

திரையில் பச்சை. சந்துக் கம்பி அறுந்தால் எங்கள் திரைக்குத் தெரியாது என்பது மேலாளருக்கும் தெரியும். ஆனாலும், "அலாரம் வரலையே, ஆள் போய்ப் பார்க்கட்டும். இப்ப நிறுத்தினா பெசன்ட் நகர் பாதி போயிடும்" என்றார். போகவேண்டிய ஆளோ அடையாறு பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். நானே மின்சாரத்தை நிறுத்திவிட்டேன்; திரையில் பெசன்ட் நகர் சிவந்தது.

ஆள் போய்ச் சேர்ந்தபோது கம்பி தண்ணீரில்தான் கிடந்ததாம். பிள்ளைகள் அதைத் தாண்டி வீட்டுக்கே போய்விட்டிருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். மேலாளர் நேராக என்னிடம் வந்தார்: "மாசம் பூரா பச்சையாவே கொண்டு வந்தேன், கடைசி நாள்ல கெடுத்துட்டீங்களேய்யா."

ஊரைக் கவனிக்கத்தான் திரை வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவன் எங்கள் அறையில் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.