பதினான்கு போனுக்கும் ஒரே மெயில்

சிலமலை அமுதவள்ளியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். நாற்பத்தாறு வயதில் இருபத்தைந்து வருடமாக மலையில் ஏலக்காய் எடுக்கிறவள். விடியக் கருக்கலில் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு வளைவுகள் முடியும்வரை பேச்சு ஓயாது. எவள் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எவள் வீட்டில் நேற்று என்ன குழம்பு, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தன் வீட்டைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டாள். கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிரியாவைப் பற்றிக் கேட்டால், "அவளுக்கென்ன, திண்டுக்கல்ல ராணி மாதிரி இருக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ராணி எப்படி இருந்தாள் என்பது அமுதவள்ளியின் போனில் இருந்தது. எட்டு மாதமாக அனுப்பிரியா தன்னைத் தானே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். வீங்கிய கன்னம். கன்றிப்போன முழங்கை. ஒருநாள் உதட்டில் மூன்று தையல். அனுப்பிய கையோடு தன் போனில் அழித்துவிடுவாள், புருஷன்காரன் தினமும் பிடுங்கிப் பார்ப்பான் என்பதால். ஒவ்வொரு படத்துக்கும் அமுதவள்ளி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒவ்வொரு முறையும், "கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா, சரியாப் போகும்" என்றாள். பெற்ற வயிறு பற்றி எரியும்போதும் ஊர் வாய்க்குப் பயந்த மகராசி அவள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியில் பொறுமை தீர்ந்தது மகளுக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"மகளிர் ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறேம்மா. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காக. எங்கிட்ட ஒரு படம் கூட இல்ல. எல்லாம் ஓங்கிட்டதான் இருக்கு, நீயே கொண்டா."

காயமெல்லாம் ஆறிவிட்டது. உலகத்தில் அதற்கு இருந்த சாட்சி அந்த ஒரு போன்தான். மறுநாளே அந்தப் போன் காணாமல் போனது.

ஏலக்காய் எடுப்பது செடிக்கடியில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த போன், குனிந்து நிமிர்ந்ததில் நழுவிக் கூடைக்குள் விழுந்திருக்கிறது. கூடை சாக்குக்குப் போனது, சாக்கு எஸ்டேட் ஸ்டோருக்குப் போனது. அங்கே பச்சைக் காயைத் தொட்டியில் கொட்டி அலசுவார்கள். பிறகு தட்டில் பரப்பி ராத்திரி முழுக்க அனலில் காயவைப்பார்கள். போனுக்கும் இரண்டும் நடந்தது. வியாழக்கிழமை காலையில் காய்ந்த காயைச் சலித்தவர்கள் எடுத்துக் கொடுத்தபோது அது உருகிய பையோடு ஒட்டிப்போய், கமகமவென்று மணத்தது.

அமுதவள்ளி அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போடிக்கு இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் சர்வீஸ் கடை வைத்திருந்த தௌபீக் அதை வாங்கி மோந்து பார்த்தான்.

"என்னக்கா, கழுவி, வேகவச்சு, ஏலக்காயும் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. பிரியாணிக்கா?"

எந்தக் கேலிக்கும் பதில் வைத்திருக்கும் அமுதவள்ளி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரிப்பு அடங்கியது. போனைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"போர்டு வெந்துபோச்சுக்கா. இதுலருந்து ஒண்ணும் எடுக்க முடியாது."

"போன் எனக்கு வேணாம் தம்பி. உள்ள இருக்கற படம் மட்டும் வேணும்."

"அதத்தான் சொல்றேன், படம் வராது."

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளிடம் என்ன சொல்வது? ஏலக்காயோடு சேர்த்து உன் சாட்சியையும் அவித்துவிட்டேன் என்றா? தௌபீக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான்.

"பதறாதீங்க. எப்பவாச்சும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சீங்களா?"

"கம்ப்யூட்டருக்கு நான் எங்க போவேன்?"

"மெமரி கார்டு?"

"கிடையாது."

"அப்ப கிளவுடுதான். போன்ல இருக்கற படத்த நெட்டு வழியா வெளியூரு கம்ப்யூட்டர்ல தானா ஏத்தி வச்சுக்கும். போன் செத்தாலும் அது சாகாது. மெயிலும் பாஸ்வேர்டும் தெரிஞ்சா போதும். இந்தப் போன்ல என்ன மெயில் போட்டிருந்தீங்க?"

மெயில் என்றதும் அவளுக்கு ஜீப் டிரைவர் சுருளி ஞாபகம் வந்தான். எஸ்டேட் கேரளப் பக்கம் என்பதால், கொரோனா சமயத்தில் எல்லை தாண்டப் பாஸ் எடுக்கச் சொன்னார்கள், அதற்கு மெயில் வேண்டும். ஜீப்பில் போகிற பதினான்கு பெண்களில் ஒருத்திக்கும் மெயில் கிடையாது. ஆளுக்கொன்று எதற்கு, வண்டிக்கு ஒன்று போதும் என்று சுருளி ஒரே மெயிலை உண்டாக்கித் தன் போனிலும் எல்லார் போனிலும் போட்டுவிட்டான். போகிற இடம் ஒன்று, ஏறுகிற ஜீப் ஒன்று, மெயில் மட்டும் எதற்குப் பதினான்கு? யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பாஸ்வேர்டு ஜீப்பின் நம்பர். அதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

தௌபீக் கடை டேப்லெட்டில் மெயிலைப் போட்டான். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் படங்கள் வரிசையாக இறங்கின. முதலில் வந்தது ஒரு வெள்ளாடு. அடுத்து யாரோ ஒரு பிள்ளைக்கு மொட்டையடித்த படம். அதற்கப்புறம் அனுப்பிரியாவின் கன்னம் வந்தது. முழங்கை வந்தது. உதட்டுத் தையல் வந்தது. தேதியோடு, மணியோடு, ஒன்று குறையாமல் எல்லாம் வந்தன.

"வந்துருச்சு! சாமி, வந்துருச்சு!" என்று அமுதவள்ளி கத்தியே விட்டாள்.

தௌபீக் பார்த்ததும் சட்டென்று டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"யக்கா, முதல்ல வந்த ஆடு உங்களுதா?"

"இல்ல. அது எங்ககூட வேலைக்கு வர்ற மருதாயி ஆடு."

"மருதாயி ஆடு எப்படி இதுல வந்துச்சு?"

"ஜீப்புல எல்லாருக்கும் ஒரே மெயிலுதான தம்பி."

"அப்ப இந்த மெயில் இருக்கற அத்தன போன்லயும் உங்க மக படம் தெரிஞ்சிருக்கும்க்கா. அன்னன்னைக்கே."

அவளுக்கு உடனே புரியவில்லை. வாட்ஸ்அப்பைத் தவிர போனில் வேறு எதையும் அவள் தொட்டதில்லை. மற்றவர்கள் அப்படியா? பிறகு புரிந்தது. மலையிலிருந்து அடிவாரத்து முந்தலுக்கு இறங்கியதும்தான் போனுக்கு ரேஞ்சு வரும். அந்த இடத்தில் எல்லார் போனும் ஒன்றாகச் சத்தம் போடும். அவள் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்த அந்த நேரத்துக்கெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதையேதான் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதமாக அவர்களிடம் அவள் ராணி கதை சொல்லியிருக்கிறாள்.

"அழிச்சிரு தம்பி, இப்பவே அழிச்சிரு" என்றாள்.

"அழிச்சா உங்களுக்கும் போயிரும். கிளவுடு தொலையாது, ஆனா சாவி தெரிஞ்சவுக எல்லாரும் உள்ள வரலாம். கம்ப்யூட்டர்ல வச்சா யாரும் வர முடியாது, ஆனா அது கெட்டா அதோட போச்சு. பென் டிரைவு உங்க கையிலயே இருக்கும், தொலைக்காம இருக்கணும். நீங்கதான் போனையே அவிச்ச ஆளாச்சே, ஒரே எடத்துல வைக்காதீங்க. ரெண்டு பென் டிரைவுல போட்டுத் தர்றேன். உங்களுக்குன்னு தனி மெயில் ஒண்ணு உண்டாக்கி அதுலயும் ஏத்தறேன். பழைய மெயில நாளைக்கு அவுகளக் கேட்டு அழிச்சுக்கலாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பென் டிரைவ் ஒன்று மஞ்சள் பையில் அரிசிப் பானைக்குள்ளும், இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னாலும் பத்திரமாக இருந்தன. திங்கட்கிழமைக்குத்தானே வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் போதும், இன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று ஜீப்பில் ஏறினாள். இனிமேல் யார் சந்தேகப்பட வேண்டும்? ஆனாலும் எட்டு மாதப் பழக்கம் விடவில்லை. ஏறி உட்கார்ந்ததும் அடக்கி வைத்தது வெடித்தது.

"ஏன்டி, எம் மக படத்த எல்லாரும் பாத்துக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீகளா? உள்ளுக்குள்ள சிரிச்சீகளா?"

சுருளி திரும்பாமலே சொன்னான். "மொத படத்தப் பாத்த அன்னைக்கே எம் போன்லருந்து மெயில எடுத்துட்டேன் தங்கச்சி. ஆம்பள பாக்கற படமா அது?"

"சிரிக்கலக்கா" என்றாள் எதிரே இருந்த தேவி. "போன மாசம் எடம் நெறஞ்சுபோச்சு, இனிமே படம் ஏறாதுன்னு எல்லார் போன்லயும் வந்துச்சு. நீ படிக்காமத் தள்ளிவிட்டிருப்ப. ஒம் மக படம் ஏறாம நின்னுருமேன்னு நாங்க எங்க படத்த அழிச்சோம். எம் மக சடங்குப் படம் முழுக்கப் போச்சு. போனாப் போகுதுன்னு விட்டேன்."

யார் யார் என்னென்ன அழித்தார்களோ என்று அமுதவள்ளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி" என்றாள்.

"கேட்டா நீ ராணின்னு சொல்லுவ" என்றாள் மருதாயி. ஜீப்பில் மூத்தவள் அவள்தான். "நீ என்னைக்கு அவளக் கூட்டியாரப் போவேன்னு நாங்களும் எட்டு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"திங்கக்கிழமை புகார் குடுக்கறோம் மதினி. படமெல்லாம் பத்திரமா எடுத்து வச்சுட்டேன்."

மருதாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படம் பத்திரமா இருக்கு. புள்ள இன்னும் அவன் வீட்டுலதான இருக்கு? இன்னைக்கு நீ எதுக்குடி ஜீப்புல ஏறுன?"

சுருளி வண்டியை ஓரம்கட்டினான். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. அவளாகவே இறங்கினாள். பின்னாலேயே தேவியும் இறங்கி, திண்டுக்கல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.