ஓட்டியின் கண்ணாடி

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு மோட்டர் வள்ளம் ஓட்டிய சவிரிமுத்தரை அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. பஸ்ரியாம்பிள்ளையின் மூத்த மகன். தாய்வழியில் சுருவில் ஊர் ஆட்கள். பெண் எடுத்தது உள்ளூரில், செபஸ்தியம்மாவின் இரண்டாவது மகள் மேரிஜோசப்பினை. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் அடித்து ஓய்ந்து, தீவே தலைகீழாகக் கிடந்தபோது முதல் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கியவர் அவர்தான். வள்ளம் அவருடையதல்ல, இறுப்பிட்டி முதலாளி ஒருவருடையது. ஆனாலும் சனம் 'சவிரியற்றை வள்ளம்' என்றுதான் சொல்லும்.

அந்தப் புயலுக்கு நாலைந்து வருடம் கழித்து அவருடைய கண் மங்கத் தொடங்கியது. கிட்டத்தில் ஒரு குறையுமில்லை. மீனில் முள்ளெடுப்பார், தூண்டிலில் முடிச்சுப் போடுவார். தூரம்தான் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. வள்ளம் ஓட்டுகிறவனுக்குத் தூரம்தானே சோறு போடுகிறது. சவிரிமுத்தர் மூச்சுக் காட்டவில்லை. தண்ணீரின் நிறத்தையும், அலை வந்து இடிக்கும் விதத்தையும், காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதையும் வைத்துக்கொண்டு ஓட்டினார். அதுவும் போதாத இடத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் சும்மா கதை கொடுப்பதுபோலக் கேட்பார்.

"பிள்ளை, நயினாதீவுக் கோபுரம் இண்டைக்கு வடிவாத் தெரியுதோ?"

"ஓம் அண்ணை, அந்தா இடக்கைப் பக்கம்."

அவருக்கு அது போதும்.

ஒரு பாஸ்குத் திருநாள் அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில்தான் குட்டு உடைந்தது. கல்மதிலடியில் தனியே நின்றவரைப் பார்த்து, "எமிலியானுஸ் அண்ணை, என்ன யோசிச்சுக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோ, வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டார்.

மேரிஜோசப்பின் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, அது குதிரை."

தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளில் ஒன்று. சவிரிமுத்தர் பகிடிபோலச் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கணவனுக்குத் தூரப்பார்வை போய்விட்டது என்பதும், அது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வள்ளத்தில் கூட வேலை செய்கிற லியோன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. பத்து வருடமாகச் சுக்கானைப் பார்த்துக்கொண்டு கயிறு இழுக்கிறான். முதலாளியின் காதில் ஒரு சொல் விழுந்தால் சுக்கான் அன்றைக்கே கைமாறும்.

"அவன் என்ர தம்பிதான்" என்றாள் மேரிஜோசப்பின். "ஆனா சுக்கான் எண்டு வந்தா அவன் ஒருத்தருக்கும் தம்பி இல்லை. ஆரும் அறியமுன்னம் போய் ஒரு கண்ணாடி எடுங்கோ."

எங்கே எடுப்பது? தீவில் அப்போது கண்ணாடி போட்டவர்களைக் கைவிரலில் எண்ணலாம். சவிரிமுத்தர் தபால் கந்தோர் ஐயாவைச் சுற்றிவளைத்து விசாரித்தார். அவர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடையைச் சொன்னார். எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போவதாக லியோனிடம் சொல்லிவிட்டுச் சவிரிமுத்தர் பஸ் ஏறினார்.

கடையில் கண் பார்க்கிறவர் வெள்ளைக் களிசானும் கழுத்துப்பட்டியுமாக இருந்தார். இவருக்கு முன்னால் இளைப்பாறிய வாத்தியார் ஒருவர், புதிதாகச் செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடைசி வரி வரைக்கும் கணீரென்று வாசித்தார். சவிரிமுத்தர் வாங்கில் குந்தியிருந்து கேட்டார். பிறகு அவருடைய முறை வந்தது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். சவிரிமுத்தருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, தன் பெயரை மட்டும் எழுதுவார். ஆனால் காதால் கேட்டது மறவாது. சின்ன வயதில் ஞானோபதேசம், செபம், தபசுகாலத்தில் பாடுகிற பசான், கூத்துக்குப் பாட்டு எல்லாம் அப்படித்தான் படித்தவர். சுவாமியார் கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பிழை விடக் கூடாது, விட்டால் பிரம்பு. அந்தப் பழக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ப, ட, ம. ர, ந, க, ச. ய, வ, ல, ன" என்று கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார். மற்றக் கண்ணைப் பொத்தச் சொன்னார்கள். மறுபடியும் ஒப்புவித்தார்.

கண் பார்க்கிறவர் எழுந்து கை கொடுத்தார். "உமக்குக் கண்ணாடி எதுக்கு? இந்தக் கண்ணோட இன்னும் முப்பது வருசம் கப்பல் ஓட்டலாம்." அதை ஒரு கடுதாசியில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

சவிரிமுத்தர் புளுகம் தாங்காமல் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். துறையில் நின்றவர்களுக்கெல்லாம் கடுதாசியைக் காட்டினார். லியோனுடைய முகம் சுருங்கியது. அவனுக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது.

வீட்டில் மேரிஜோசப்பின் கடுதாசியைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். "கண் நல்லமெண்டா, அந்தா மதில்ல நிக்கிறது என்ன?"

"சேவல்."

"அது நான் காயப்போட்ட சீலை. அப்ப எப்பிடி அவ்வளவு எழுத்தையும் வாசிச்சனீங்கள்?"

"ஆர் வாசிச்சது? முன்னால நிண்ட வாத்தியார் வாசிச்சார். நான் சொன்னனான்."

மேரிஜோசப்பின் குசினிப் படியில் இருந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. சவிரிமுத்தருக்கு ரோசம். "கேட்டவர், சொன்னனான். பிழையாச் சொல்லலாமோ?"

அடுத்த நாளே அவள் ஞானசவுந்தரி ரீச்சரிடம் போனாள். யாருக்கு என்று சொல்லவில்லை, சொந்தக்காரர் ஒருவருக்கு என்றாள். ரீச்சர் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வள்ளத்தில் போய் வருகிறவர்.

"உங்கட சொந்தக்காரர் ஒவ்வொரு நாளும் என்னட்டைத்தான் கோபுரம் எங்க எண்டு கேக்கிறவர்" என்று சிரித்தார் ரீச்சர். "பயப்பிடாதேங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். பட்டணத்தில கண்ணாடி செய்யிற தம்பையரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடை கோழிக்கூடு மாதிரித்தான் இருக்கும். ஆனா மனிசன் விசயகாரன்."

இந்த முறை மேரிஜோசப்பினும் கூடப் போனாள். ரீச்சர் சொன்னது சரி, கடைக்குள் மூன்று பேர் நின்றால் நாலாம் ஆள் றோட்டில் நிற்க வேண்டும். தம்பையர் பனியனோடு இருந்தார். எழுத்துப் பலகையை எடுக்கவில்லை.

"நீர் என்ன பாக்க வேணும்?"

"கடல்."

"கடல் பெரிசு. கடல்ல என்ன?"

"கரை."

தம்பையர் தலையாட்டினார். இவரை வாசலுக்குக் கூட்டிவந்து, எதிரே இருந்த மாடிக் கட்டடத்தில் மாட்டியிருந்த மணிக்கூட்டைக் காட்டினார். "மணி என்ன?"

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது யாரோ மணி கேட்டதும் கொண்டக்டர் பத்தரை என்றதும் சவிரிமுத்தருடைய காதில் இருந்தன. கொஞ்சம் கூட்டி, "பத்தேமுக்கால்" என்றார்.

"அந்த மணிக்கூடு மூண்டு வருசமா நாலேகாலில நிக்குது" என்றார் தம்பையர். "ஊகிச்சுச் சொல்லுறவை எல்லாம் அதிலதான் பிடிபடுவினம். அதாலதான் நான் இந்தக் கடையை விட்டுப் போறேல்ல. வாரும் உள்ள."

மேரிஜோசப்பின் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு தம்பையர் பாரமான இரும்புச் சட்டம் ஒன்றை அவருடைய மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டும் கழற்றியும் மறுபடி வாசலில் நிறுத்தினார்.

"கம்பியில எத்தினை காகம்?"

"கம்பி எங்க?"

இன்னொன்று போட்டார். "இப்ப?"

"கம்பி தெரியுது."

இன்னொன்று. சவிரிமுத்தர் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மெல்லச் சொன்னார். "அஞ்சு காகம். ஓரத்தில நிக்கிறது வாயில மீன் வைச்சிருக்கு. சூடை மீன்."

"மீனின்ர பேரும் வந்திட்டுது. இதுதான் உம்மட கண்" என்றார் தம்பையர்.

ஒரு கிழமையில் கண்ணாடி வந்தது. கடலில் விழாமலிருக்கத் தம்பையர் பின்பக்கம் கறுப்பு நூல் கட்டிக் கொடுத்திருந்தார். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மாவிலித்துறையில் சவிரிமுத்தர் கண்ணாடியோடு வந்து நின்றார். வழியனுப்புகிற சாட்டில் மேரிஜோசப்பினும் வந்திருந்தாள். வள்ளத்தில் ஏற வந்த சனம் கரையிலேயே நின்றுவிட்டது.

"போன மாசம் கண் நல்லமெண்டு கடுதாசி காட்டினவர், இப்ப கண்ணாடியோட நிக்கிறார்."

"கண்ணாடி போட்ட ஓட்டியை ஆர் கண்டது? அலை அடிச்சுக் கண்ணாடி போனா எங்கட கதி?"

"நான் நாளைக்குப் போறன்."

லியோன் வள்ளத்துக்குள் இருந்தான். அவனுடைய கை தானாகச் சுக்கானில் போய் இருந்தது. "அத்தான், சனம் பயப்பிடுது. இண்டைக்கு நான் பிடிக்கிறன், நீங்கள் சும்மா இருங்கோ."

இன்றைக்கு இருந்தால் நாளைக்கும் இருக்க வேண்டியதுதான். சவிரிமுத்தருக்கு அது தெரியும். கரைப் பக்கம் திரும்பினார். துறைக்கு வருகிற பாதை மதில்களுக்கு நடுவே நேராக நீண்டு கிடந்தது.

"பொறுங்கோ" என்றார். "சின்னாச்சி அக்கா வாறா. அவவையும் ஏத்திக்கொண்டு போவம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதையின் கடைசியில் ஒரு புள்ளி தெரிந்தது.

"அது மாடெல்லோ?"

"மாடு குடை பிடிக்குமோ? கையில ரண்டு கோழி. ஒண்டு கறுப்பு, மற்றது மொட்டைக்கழுத்து. அவவுக்குப் பின்னால மதிலடியில ஒருத்தர் நிக்கிறார்." சவிரிமுத்தர் பெண்சாதியின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். "அது எமிலியானுஸ் அண்ணை இல்லை, குதிரை."

மேரிஜோசப்பின் மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் பாதையைப் பார்த்தபடி நின்றார்கள். புள்ளி ஆளாகி, ஆளுக்குக் குடை முளைத்து, கடைசியில் சின்னாச்சி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். கையில் இரண்டு கோழி. ஒன்று கறுப்பு, மற்றது மொட்டைக்கழுத்து.

"என்ன எல்லாரும் என்ர கோழியை இப்பிடிப் பாக்கிறியள்? இது விக்கிறதுக்கில்லை, மருமகளுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நேரே வள்ளத்தில் ஏறிக் குந்தினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் ஏறினார், பிறகு இருவர். நாளைக்குப் போவதாகச் சொன்னவரும் ஏறினார்.

லியோன் சுக்கானிலிருந்து கையை எடுத்தான். "அத்தான், அதை ஒருக்காத் தாங்கோவன், போட்டுப் பாப்பம்."

"அக்கரையில தாறன்" என்றார் சவிரிமுத்தர்.

பிறகும் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தச் சுக்கான் அவருடைய கையில்தான் இருந்தது. கண்ணாடி மூன்று மாற்றினார், மூன்றும் தம்பையரிடம்.

அந்தத் திங்கட்கிழமை வள்ளம் பாதிக் கடல் தாண்டியபோது, பக்கத்தில் இருந்த ரீச்சர் பழக்கதோசத்தில் கையை நீட்டினார். "அண்ணை, கோபுரம் இடக்கைப் பக்கம்."

"தெரியுது, பிள்ளை" என்றார் சவிரிமுத்தர்.