சத்தம் போடாத மெட்ரோனோம்

காது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அதே மாதத்தில்தான் பெர்னார்ட் சாக்ஸஃபோன் வாங்கினார். கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். அவருடைய மனைவி அல்போன்சம்மாள் சிரிக்கவில்லை. "இப்ப வாங்காம வேற எப்ப வாங்குவீங்க?" என்று கேட்டதோடு சரி.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலின் வயிற்றுக்குள் நின்று இரும்பைத் தேய்க்கும்போது எழுகிற சத்தம் காதோடு நிற்பதில்லை, பல்லில் இறங்கும். காதில் அடைப்பான் வைத்தால் ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது என்று இளவயதில் அதைச் சட்டைப் பையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். அதன் பலன் ஓய்வுக்குப் பிறகு தெரிந்தது. முதலில் மைக்ரோவேவின் பீப் போனது. பிறகு அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மரத்தில் அடையும் மைனாக்களின் கூச்சல் போனது. மனிதர்கள் பேசுவது கேட்டது. ஆனால் சொற்களின் ஓரங்கள் மழுங்கிப்போயிருந்தன. மெல்லிய ஒலிகள் போய்விட்டன, கனத்த ஒலிகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன என்றார் டாக்டர். எவ்வளவு காலத்துக்கு என்று பெர்னார்ட் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண விருந்து. இரைச்சல் தாங்காமல் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மேடையில் ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. பாடியவளின் குரல் பாதிதான் வந்தது, கீபோர்டு வரவே இல்லை. டெனர் சாக்ஸஃபோன் மட்டும் முழுசாக வந்தது. ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவதுபோல் வந்தது. சாப்பாட்டை மறந்து அவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

சமூக மன்றத்தில் சாக்ஸஃபோன் சொல்லிக்கொடுத்த செரினாவுக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. முதல் வகுப்பிலேயே அவள் சொன்னாள்: "அங்கிள், ரெண்டு ஐட்டம் கண்டிப்பா வேணும். சுருதி பார்க்க டியூனர், தாளத்துக்கு மெட்ரோனோம். ஃபோன்லயே ரெண்டும் ஃப்ரீயா இருக்கு லா. அது போதும்."

அது போதவில்லை. ஃபோனின் டிக் டிக் அவர் காது தொலைத்துவிட்ட ஒலிகளில் ஒன்று. ஊத ஆரம்பித்ததும் சுத்தமாகக் காணாமல் போனது. சுருதி பார்க்கும் செயலியோ அவர் ஊதுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டது. மின்விசிறியைக் கேட்டது, தேக்கா சந்தைக்குச் சரக்கு இறக்க வரும் லாரியைக் கேட்டது, அல்போன்சம்மாள் தாளிப்பதைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் முள் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது.

வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு பிராஸ் பாசா பக்கத்தில் இருந்த ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனார். கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. டியூனருக்கு வழி உடனே கிடைத்தது. துணிக்கு மாட்டும் கிளிப் போன்ற ஒன்றை எடுத்து, சாக்ஸஃபோனின் வாயில் கவ்வ வைத்தாள். இது காற்றில் வரும் சத்தத்தைக் கேட்காது, உலோகத்தின் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் பூகம்பமே வந்தாலும் கவலையில்லை என்றாள். பெர்னார்டுக்கு அது பிடித்துப்போனது. பட்டறையில் அவரும் அப்படித்தான். எஞ்சினில் கோளாறு என்றால் ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைத் தாடையில் வைத்துப் பார்ப்பார்.

மெட்ரோனோம்தான் லேசில் முடியவில்லை. கைக்கு அடக்கமான மின்கருவிகளை அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு மினுக்குவதைப் பார்த்தால் தாளில் இருக்கும் ஸ்வரத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒரு மரக்கூம்பை இறக்கினாள். சாவி கொடுத்தால் நடுவில் உள்ள தண்டு இப்படியும் அப்படியும் ஆடும். டக், டக், டக். அது கேட்டது. பெட்டியின் மேல் கையை வைத்தால் தாளம் உள்ளங்கையில் தட்டியது. அதையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்து முதல் நாளே ஒரு கலவரம். பி என்ற ஸ்வரத்தை ஊதினால் டியூனர் ஏ என்று காட்டியது. மறுபடி ஊதினார். மறுபடியும் ஏ. வாத்தியத்தில் கோளாறு என்று முடிவு கட்டி, செரினாவுக்கு ஃபோன் போட்டார்.

"கோளாறு இல்ல அங்கிள். உங்க வாத்தியத்துல பின்னு எழுதியிருக்கறது பியானோவுல ஏ. டெனர் அப்படித்தான் பேரை மாத்திக்கும். டியூனர் பியானோ கணக்குல சொல்லுது. இன்னொண்ணு, முள்ளையே முறைச்சுப் பார்த்துட்டு ஊதாதீங்க. கண்ணை மூடிட்டு ஊதுங்க. நிலையா நிக்குதுன்னு தோணினப்புறம் கண்ணைத் திறந்து பாருங்க."

அப்படியே செய்தார். ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை இழுத்துவிட்டுக் கண்ணைத் திறப்பார். பெரும்பாலும் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எப்போதாவது நடுவில் நிற்கும். அந்த நிமிடம் நெஞ்சுக்குள் ஏதோ சரியாக மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

மெட்ரோனோமை மேசையில் வைத்துப் பார்த்தார். ஊதும்போது அதுவும் மங்கியது. தரையில், காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெறுங்காலில் டைல்ஸ் வழியாகத் தாளம் ஏறி வந்தது. இனிமேல் இதுதான் இடம் என்று வைத்துக்கொண்டார். தினமும் மாலையில், சந்தை அடங்கிய பிறகு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயிற்சி.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. நேர் கீழ் வீட்டு சாயிரா பானு நின்றிருந்தார். அவருடைய கணவர் ஹனீபா டன்லப் ஸ்திரீட்டில் பெட்டிக்கடை, அதாவது சூட்கேஸ் கடை, நடத்தியவர். லிஃப்டில் பார்த்தால் சலாம், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எவ்வளவு கூட்டம் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் பழக்கம். கொஞ்ச நாளாக ஹனீபாவை லிஃப்டில் காணவில்லை என்பது பெர்னார்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சுக்குங்க, சத்தம் அதிகமா இருக்கா?" என்று பெர்னார்ட் முந்திக்கொண்டார்.

"ஊதறது இல்லண்ணே." சாயிரா பானு தரையைப் பார்த்தபடி பேசினார். "அவங்களுக்கு உடம்பு முடியல. நுரையீரல்ல கேன்சர். ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுலயே இருக்கேன்னுட்டாங்க. நர்ஸ் வந்து பார்த்துட்டுப் போறாங்க. படுக்கைக்கு நேரா மேல ஒரு சத்தம் வருதுண்ணே. டக், டக்னு. அதை மட்டும் கொஞ்சம்…"

பெர்னார்ட் உள்ளே திரும்பிப் பார்த்தார். மரக்கூம்பின் தண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. போய் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

அன்றைக்கே கீழே போனார். ஹால் நடுவில் மருத்துவமனைக் கட்டில். ஹனீபா பாதியாகிவிட்டிருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்ததால் அவர் பேச்சு கேட்காமல், பெர்னார்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு முகத்தருகே குனிய வேண்டியிருந்தது.

"பாய், தெரியாம போச்சு. இனிமே ஊதறதையும் நிறுத்திடறேன்."

"ஊதறது இருக்கட்டும் பெர்னார்ட்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "அது ஆளு பேசற மாதிரி இருக்கு. தப்பு பண்ணுது, திரும்பி வருது. கேட்டுட்டுப் படுத்திருப்பேன். அந்த டக் டக் இருக்கு பாருங்க. மேல உட்கார்ந்து யாரோ என்னை எண்ணுற மாதிரி இருக்கு."

பெர்னார்ட் ஹனீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வந்தார். மரக்கூம்பைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அல்போன்சம்மாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

தாளம் இல்லாமல் ஊதியபோது அவருடைய வேகம் நாய் இழுத்த செருப்பு மாதிரி கண்ட இடத்துக்குப் போனது. சுலபமான இடத்தில் ஓடினார், கஷ்டமான இடத்தில் படுத்தார். செரினா ஒரே தடவை கேட்டுவிட்டு, "மெட்ரோனோம் எங்க அங்கிள்?" என்றாள். நடந்ததைச் சொன்னார். அவள் ஊதுவாயில் பொருத்தும் ரீடைத் துடைத்து வைத்தாள். பிறகு, "சத்தமே போடாதது ஒண்ணு இருக்கு. டிரம்ஸ் வாசிக்கறவங்க போட்டுக்குவாங்க. வாட்ச் மாதிரி கட்டிக்கணும். தாளத்துக்குத் தாளம் அதிரும்" என்றாள்.

அதே கடையில் அது இருந்தது. மணிக்கட்டில் கட்டியபோது, விரல்கள் விசைகளை அழுத்துகிற அசைவில் அதிர்வு தொலைந்தது. இடுப்பில் செருகினால் மூச்சு இழுக்கும்போது வயிறு அதை விழுங்கியது. கடைப் பெண் அவர் காலைப் பார்த்தாள். கணுக்காலில் கட்டிப் பார்த்தார். அங்கே எலும்பின் மேல் தாளம் பளிச்சென்று விழுந்தது. கடையின் நடுவில், கால்சட்டையை ஒரு பக்கம் சுருட்டிவிட்டுக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர் கண்ணை மூடி நின்றார். வேறு யாருக்கும் கேட்காத ஒரு தாளம் அவருக்குள் நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு கீழ் வீட்டுக்கு வெறும் சாக்ஸஃபோன் மட்டும்தான் போனது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெர்னார்ட் கீழே போய் உட்காருவார். பேச்சு குறைவு. ஒருவருக்கு மூச்சு இல்லை, மற்றவருக்குக் காது இல்லை. ஹனீபா முகம் அசைந்தால் அவர் குனிவார்.

ஒரு நாள் மாலை அவர் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தபோது ஃபோன் வந்தது. சாயிரா பானு. "அண்ணே, இன்னிக்கு வேணாம்ணே. எந்தச் சத்தமும் தாங்க முடியல அவங்களுக்கு."

"சரிம்மா" என்றார் பெர்னார்ட்.

ஆனாலும் வாத்தியத்தைக் கழற்றவில்லை. கணுக்காலில் தாளத்தை முடுக்கிவிட்டு, வாயில் வைக்காமல், விரல்களை மட்டும் ஓட்டினார். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். அல்போன்சம்மாள் அறை வாசலில் நின்று பார்த்தாள். கணவர் வாய் மூடி நிற்கிறார், விரல்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அவள் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். டியூனரில் முள் எழும்பவே இல்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஹனீபாவின் மகள் முனீரா ஃபோனில் கூப்பிட்டாள். "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க."

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெர்னார்டும் பஸ்ஸில் ஏறிச் சுவா சூ காங் இடுகாட்டுக்குப் போனார். ஓதியது அவர் காதுக்கு எட்டவில்லை. மண் விழும் சத்தம் எட்டியது. கனத்த ஒலிதானே. கைப்பிடி மண் போடச் சொல்லி ஒருவர் சைகை காட்டினார். போட்டார். திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கணவரை இழந்த சாயிரா பானு வீட்டோடு இத்தா இருக்கும் மாதங்களில் மேலே வாத்தியம் வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. முனீராகூட, "அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், நீங்க ஊதுங்க" என்றாள். அவருக்குத்தான் முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலாங் ஆற்றோரம் போய் ஒரு பாலத்துக்கு அடியில் ஊதினார். தலைக்கு மேல் வண்டிகள் ஓடின. டியூனர் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் அவர் வாத்தியத்தின் அதிர்வை மட்டும் பற்றிக்கொண்டிருந்தது. முள் நடுவில் நிற்கிற நாட்கள் கூடின. அதைக் கீழ் வீட்டில் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை.

இத்தா முடிந்ததும், சாயிரா பானு புக்கிட் மேராவில் மகள் வீட்டோடு போவதாக ஏற்பாடாயிற்று. சாமான்கள் போன நாளில் அவர் மேலே வந்தார். அல்போன்சம்மாள் தேநீர் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, "கீழேருந்துதான் கேட்டிருக்கேன். ஒரு தடவை நேர்ல கேக்கறேண்ணே" என்றார்.

ஹனீபா படுத்திருந்த மாலைகளில் ஊதிக்கொண்டிருந்த ஒரு மெதுவான பாட்டையே எடுத்தார் பெர்னார்ட். நடுவில் ஓர் இடம்; கட்டைவிரல் விசையை அழுத்தி, கீழிருந்து சட்டென்று மேலே தாவ வேண்டும். பாலத்தடியில் எத்தனையோ தடவை சரியாக வந்த இடம். அன்றைக்கு உடைந்தது. நின்றுவிட்டார்.

சாயிரா பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பெர்னார்டுக்குத் தெரியவில்லை.

"இந்த இடம்தான்ணே. இது வந்தா அவங்க கையைத் தூக்குவாங்க. 'இப்ப நிப்பாரு பாரு'ம்பாங்க. நீங்க நிப்பீங்க. திரும்ப ஆரம்பிக்கிறவரைக்கும் கையைக் கீழ இறக்கமாட்டாங்க."

பெர்னார்டுக்கு ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. சாக்ஸஃபோனின் வாயைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து எடுத்து, மேலே தாவி, பாட்டை முடித்தார். கணவனும் மனைவியும் சாயிரா பானுவை லிஃப்டில் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

கீழ் வீட்டுக்கு இப்போது கைக்குழந்தையோடு ஒரு சீனக் குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் குடிவந்த மறுநாளே பெர்னார்ட் கேக் வாங்கிக்கொண்டு கீழே போய், குழந்தை எந்த நேரத்தில் தூங்கும் என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் ஊதுவதில்லை. காது இந்த வருடம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். அந்த இறக்கம் தாழ்ந்த ஸ்வரங்களை இன்னும் தொடவில்லை.