உள்ளங்கை அகலச் சொரசொரப்பு

பெருமாள்ராஜ் பட்டறையை விட்டுப் போனது அசன விருந்துக்கு மறுநாள், ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, இந்துப் பையன் என்று யாரும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கினான். மறுநாள் காலையில் தன்னுடைய ரெசின் உருட்டும் ரோலர்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான்.

"ஒனக்கு யாரு காசு தந்தா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ," என்றார் பட்டறை முதலாளி ஹெப்ரான்.

பெருமாள்ராஜ் திரும்பினான். "ஜெபத்துல கண்ணை மூடிக்கிட்டு நின்னது நீங்க, அண்ணாச்சி. நான் மூடல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீய."

பைக் சத்தம் சாலைத் திருப்பத்தில் அடங்கிய பிறகும் ஹெப்ரான் நின்ற இடத்திலேயே நின்றார். எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறான். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற சாலையில் ஹெப்ரானின் ஃபைபர் பட்டறை இருக்கிறது. தண்ணீர்த்தொட்டி, குளியலறைக் கதவு, டிசம்பரில் கோயில்களுக்கு வைக்கோல் குடிலும் ஆடும் ஒட்டகமும். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் பத்து வருஷம் வேகப் படகுகளுக்கு ஃபைபர் விரித்தவருக்கு, குளியலறைக் கதவைப் பார்த்தால் கை துறுதுறுக்கவில்லை.

பெருமாள்ராஜ் போவதற்குச் சில மாதம் முன்பு வெங்கட்ரமணன் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், கப்பல் வேலையை விட்டுவிட்டு ராமேசுவரம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாய்மரப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அடுத்தபடியாக ஒரு வேகமான படகு வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்கினால் அதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். அதனால் ஒரே படகைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் கரையில் காத்துக்கிடந்தன.

"பாதி விலையில முடியுமா?" என்றார் வெங்கட்ரமணன்.

"முடியும்," என்று ஹெப்ரான் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தார்.

விலை குறைந்த படகு செய்வது எளிது. வேகமான படகு செய்வதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. இரண்டையும் ஒரே படகில் செய்வதுதான் மண்டையைக் குடையும் வேலை. வேகத்துக்கு எடை குறைய வேண்டும். எடை குறைந்தால் பலத்துக்கு ஃபைபரை இறுக்கும் நல்ல ரெசின் வேண்டும். நல்ல ரெசின் விலையைத் தூக்கிவிடும். லாரிக்காரரோ எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கிற இடத்துக்கு வாடகை கேட்டார். வங்கியில் இது மீன்பிடித் தொழிலா சுற்றுலாவா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹெப்ரானை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலப்பாளையத்து ரெசின் வியாபாரி சேக் முகம்மது ஒருவர்தான் கடனுக்குச் சரக்கு இறக்கினார். அவரும், "தொட்டிக்கு ஊத்துத ரெசின் போதாதாக்கும்? தண்ணி உள்ள நின்னா என்ன, வெளிய நின்னா என்ன?" என்று சிரித்துக்கொண்டுதான் இறக்கினார்.

மாதிரிப் படகை ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீரில் விட்டபோது கரையில் நின்ற ஒருவர் கேட்டார்:

"இதுல எத்தனை பேரு போவலாம்?"

"ஒருத்தரு."

"வலை வீசலாமா?"

"முடியாது."

"பெறவு எதுக்குவே இது?"

"வேகமா போவதுக்கு."

"எங்கன?"

காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கி ஓடியது. கேள்வி கேட்டவரே துண்டை வீசிக் கூச்சல் போட்டார்.

வெங்கட்ரமணன் நான்கு படகு கேட்டார். நான்கும் சரியாக வந்தால் வருஷாவருஷம் அவருக்கு மட்டுமல்ல, அவருக்குத் தெரிந்த மற்றப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் படகு செய்யலாம். இல்லாவிட்டால் அத்தோடு சரி. அந்த நான்கை நம்பித் தொட்டி, கதவு வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஹெப்ரான் மோல்டில் காசைக் கொட்டினார். மோல்டு என்பது படகின் வெளி உருவத்தைக் குழித்து வைத்த பெரிய அச்சு. உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு தேய்த்து, மேல்பூச்சு அடித்து, ஃபைபர் விரித்து, ரெசின் ஊற்றி உருட்டினால், காய்ந்த பிறகு படகு முழுசாகக் கழன்று வரும். மோல்டு கண்ணாடியாக இருந்தால் படகும் கண்ணாடி. கையால் தேய்த்துச் சரிசெய்கிற வேலை இல்லை. பாதி விலை என்கிற பேச்சே அந்தக் கண்ணாடியில்தான் நின்றது. ரெசின் ஒரு சொட்டுக்கூட மிச்சமாகாமல் உருட்டுகிற கை பெருமாள்ராஜுடையது.

முதல் படகு ஊற்றுகிற நாளில் சபைப் போதகரான ஐயரை அழைத்து ஜெபம் வைத்தார்கள். வள்ளியூரிலிருந்து ஹெப்ரானின் அக்கா ஜெசி வந்திருந்தாள். மனைவி சாலோமி பள்ளியில் அரைநாள் லீவு போட்டிருந்தாள். எல்லோரும் மோல்டைச் சுற்றி நின்று கண்ணை மூடினார்கள். ஜெபம் நீண்டது. ஆமென் சொல்லி ஹெப்ரான் கண் திறந்தபோது, பெருமாள்ராஜ் மோல்டுக்குள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். கையில் ஒரு துணி. ஐயருக்கு அடுத்து ஒரு கல்யாண வீடு இருந்தது. முதல் பூச்சைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஆசையாக நின்றார். அந்த அவசரத்தில் ஹெப்ரான் துணியை மறந்துபோனார்.

முதல் படகு கழலவில்லை. முன்பக்கம் அடிவயிற்றில் ஓர் இடம் மோல்டோடு கவ்விக்கொண்டது. ஆப்பு வைத்து அடித்துப் பிரித்தபோது மோல்டின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. உள்ளங்கை அகலம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படகின் அடியிலும் அதே இடத்தில் அதே சொரசொரப்பு. மீன்பிடி வள்ளமாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் படகுக்கு அதுதான் உயிர்நிலை. தண்ணீர் முதலில் உரசுகிற இடம். பட்டி பூசித் தேய்த்தால் எடை ஏறியது, நாள் போனது, கூலி போனது. பாதி விலை முக்கால் விலையாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹெப்ரானுக்குத் துணி ஞாபகம் வந்தது.

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் அதற்குத் தீனி எங்கிருந்தெல்லாமோ கிடைக்கும். பெருமாள்ராஜுக்குப் போன் வந்தால் ஏன் வெளியே போய்ப் பேசுகிறான்? தூத்துக்குடியில் வள்ளம் செய்கிற ஒரு பட்டறையில் ஆள் தேடுகிறார்களாமே, அவர்களும் விளையாட்டுப் படகு பக்கம் வரப்போகிறார்களோ? ஒருநாள் அவன் மோல்டை முழம் போட்டு அளப்பதைப் பார்த்தார். "தார்ப்பாய் வெட்டணும்லா அண்ணாச்சி," என்றான் அவன். தார்ப்பாய் வெட்டியும் போட்டான். அதையும் ஹெப்ரான் நம்பவில்லை. அசனத்து அன்று அவன் சாம்பார் ஊற்றியபோது, இலையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனைக் கூப்பிட்டு நேரா கேளுங்களேன்," என்றாள் சாலோமி.

நேராகத்தான் கேட்டார். "என்ன நடந்துச்சு?" என்று கேட்காமல், "யாரு காசு தந்தா?" என்று கேட்டார்.

அவன் போய்ச்சேர்ந்தது தூத்துக்குடிப் பட்டறைதான் என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. "சொன்னேன்லா?" என்று ஹெப்ரான் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார். தான் நினைத்தது சரி என்று தெரிந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பிறகு அது போய்விட்டது. புதிதாக வந்த ஆள் ரெசினைத் தாராளமாக ஊற்றினான், படகு கனத்தது. ஹெப்ரானின் சந்தேகம் அடுத்து சேக் முகம்மது மேல் பாய்ந்தது.

"பழைய சரக்கைத் தள்ளிவிட்டிய, மொதலாளி."

சேக் முகம்மது டப்பாவைத் திருப்பித் தேதியைக் காட்டினார். "அண்ணாச்சி, நேத்து அவன், இன்னைக்கு நான். நாளைக்கு ஒங்க வீட்டம்மாவையும் கேப்பீயளோ?"

ஹெப்ரான் உண்மையிலேயே அதற்கு முந்தின நாள் சாலோமியிடம், பட்டறைச் சாவியை யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டிருந்தார். அதிலிருந்து அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெங்கட்ரமணன் வந்து கண்ணை மூடிக்கொண்டு படகின் அடியைத் தடவினார். கை அந்த இடத்தில் நின்றது. "மோல்டைச் சரிபண்ணுங்க. அடுத்த பருவம் தொடங்கறதுக்குள்ள குடுத்தாப் போதும். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது," என்றார். நல்ல மனிதர். அவர் யாரையாவது வேறிடத்தில் பார்த்து வைத்திருப்பாரோ என்று ஹெப்ரான் அன்றைக்கு முழுவதும் யோசித்தார்.

மோல்டை உரித்து, பூசி, தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மறுபடி கண்ணாடியாக்கினார்கள். மறுபடி ஜெபம். மறுபடி ஜெசி அக்கா. எல்லோரும் கண்ணை மூடினார்கள், ஹெப்ரானைத் தவிர. அவருக்கு மூட வரவில்லை. புது ஆளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் கும்பிட்டபடி இருந்தன. அசைந்தது வேறொரு கை. ஜெசி அக்கா கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, விரலில் தொட்டு, மோல்டுக்குள் எட்டுகிற இடத்தில், முன்பக்கம் அடிவயிற்றில், பைய ஒரு தடவு தடவினாள். கண்ணை மூடியபடிதான் தடவினாள், உதடு முணுமுணுத்தது.

"அக்கா!"

ஐயரின் ஜெபம் பாதியில் நின்றது.

"என்னலே, ஜெபத்துல கத்துதே?"

"என்னக்கா அது?"

"எண்ணெய்லே. எருசலேமுக்குப் போனப்ப ஒலிவமலையில வாங்கினது. ஒனக்குன்னுதான் பத்திரமா வச்சிருக்கேன்."

"போன தடவையும் வச்சியா?"

"வைக்காம? ஒனக்கு வைக்காம யாருக்கு வைக்கப் போறேன்?"

புது ஆள் ஒன்றும் புரியாமல் நின்றான். சாலோமிதான் மெல்லக் கேட்டாள், நெடுநாளைக்குப் பிறகு கணவர் முகத்தைப் பார்த்து: "அன்னைக்கு அவன் கையில துணி இருந்துச்சுன்னியளே. துணியில என்ன வாசம்?"

அசிட்டோன். இப்போது மூக்கிலேயே அடித்தது. எண்ணெயின் மேல் பூச்சு நிற்காது என்று பதறித்தான் அவன் அசிட்டோனில் நனைத்துத் துடைத்திருக்கிறான். எண்ணெயோடு மெழுகும் போயிற்று, படகு அந்த இடத்தில் கவ்விக்கொண்டது. திரும்ப மெழுகு போட்டுக் காயவிட நேரம் இல்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பூச்சை அடி என்று அவசரப்படுத்தியது ஹெப்ரானேதான். முதலாளியின் அக்கா ஜெபித்து வைத்த எண்ணெய்தான் மோல்டைக் கெடுத்தது என்று, சபைக்கு வெளியே உள்ளவன் அவன், யாரிடம் எந்த வாயால் சொல்வான்? அவனும் சும்மா இருந்துவிட்டான். வேறு வேலைக்குப் பேசிக்கொண்டிருந்ததும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்துதான் வாயைக் கட்டியிருக்கும்.

ஹெப்ரான் ஜெசி அக்காவிடம் வெளிப்பக்க மரச்சட்டத்தைக் காட்டி, "இங்கன வையிக்கா," என்றார். அன்றைக்குப் பூச்சு அடிக்கவில்லை.

அன்று மாலை பெருமாள்ராஜைப் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. எழுதினார், அழித்தார். கடைசியில், "எண்ணெயைப் பாத்துட்டேன். தப்பு எம்மேலதான். வா," என்று அனுப்பினார். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

நான்கு படகும் பருவத்துக்குள் போய்ச்சேர்ந்தன. அடிவயிறு வழுவழுவென்று இருந்தது. எடை மட்டும் கூடுதல். "பசங்க ஓட்டறாங்க. ஆனா இன்னும் லேசா வந்தாத்தான் அடுத்த ஆர்டர்," என்றார் வெங்கட்ரமணன். லேசாக்குகிற கை தூத்துக்குடியில் வள்ளத்துக்கு ரெசின் உருட்டிக்கொண்டிருந்தது. ஹெப்ரான் மறுபடி தொட்டியும் கதவும் செய்தார். மோல்டின்மேல் பெருமாள்ராஜ் வெட்டிய தார்ப்பாய் கிடந்தது.

அடுத்த அசனமும் வந்து போயிற்று. கிறிஸ்துமஸ் ஒட்டகங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் போன் அதிர்ந்தது. பெருமாள்ராஜ். ஒரு படம்: ஏதோ ஒரு புது மோல்டு, அதன் வெளிச்சட்டத்தில் சந்தனமும் குங்குமமும். கீழே, "இங்கனயும் மோல்டுக்குள்ள வைக்கத்தான் வந்தாவ. நான் விடல."

ஹெப்ரானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கை தானாக இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தது. அந்த மோல்டின் முன்பக்கம் எப்படி வளைகிறது? மூக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? வர்ணக் கையால் திரையைத் துடைத்து இன்னும் விரித்தபோது, அடுத்த செய்தி வந்து விழுந்தது.

"பெருசாக்கிப் பாப்பீயன்னு தெரியும். நல்லா பாருங்க அண்ணாச்சி, இது வள்ளம். ஒங்க படகு இல்ல. தைக்குப் பெறவு ஊருக்கு வாரேன். அந்த மோல்டுக்கு மெழுகு போட்டு வைங்க, நான் வந்து ஊத்துதேன். ஜெபம் அதுக்கு முந்தியே முடிஞ்சிரட்டும்."